போணிக்குப் பிந்திய விலை

ராஜபாண்டியன் வருவதற்கு முன்பே அவன் வண்டியின் சத்தம் வந்துவிடும். தெருமுனையில் டிக் டிக் டிக் என்று கேட்டதும் வீட்டில் அவன் மனைவி பிரீத்தி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். விருதுநகர் பஜாரில் அதே சத்தம் கேட்டால், ‘அடுத்த வாரம் ஆர்டர் தர்றேன்’ என்று மாதக்கணக்கில் சொல்லிவரும் கடைக்காரர்கள் திடீர் வேலை வந்தவர்களாய்ப் பின்வாசல் வழியே நழுவிவிடுவார்கள்.

பழைய வண்டிதான், ஆனால் சத்தம் போன வருடம்தான் ஆரம்பித்தது. முதலில் கைக்கடிகாரம் மாதிரி இருந்தது. கார்த்திகையில் சுவர்க் கடிகாரம் ஆயிற்று. இந்த ஆடி பிறந்தபோது தையல் மிஷினாகிவிட்டது.

ராஜபாண்டியன் காலண்டர் ஆர்டர் பிடிக்கிறவன். மேலே சாமி படம், நடுவில் தினமும் கிழிக்கிற தாள், கீழே கடையின் பேர் என்று வீட்டுக்கு வீடு தொங்குகிறதே, அந்தக் காலண்டர். அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை சிவகாசி அச்சகங்கள் ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்று பூசை போட்டுத்தான் வெளியே விடும். அதற்கு முதல் நாள் வரை ஆல்பத்தின் அட்டையைக்கூட யாருக்கும் காட்டமாட்டார்கள். சூடம் அணைந்ததும் ஆல்பம் கைக்கு வரும். வந்த கையோடு ஏஜெண்டுகள் எட்டுத் திசைக்கும் பறப்பார்கள். அன்று காலை சிவகாசி ரோடுகளில் நாய்கூடக் குறுக்கே வராது.

ராஜபாண்டியனுக்கு அந்த எட்டுத் திசையில் ஒரே ஒரு திசைதான் கண்ணில் தெரிந்தது. கோவில்பட்டி. அங்கே நகைக்கடை வைத்திருக்கும் பலவேசம் அண்ணாச்சிக்குக் கழுகுமலையிலும் எட்டயபுரத்திலும் கிளைகள் உண்டு. மூன்று கடைக்கும் சேர்த்து அவர் போடும் காலண்டர் ஆர்டர், மற்ற கடைகளுக்குச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வாங்கும் ஆர்டர்கள் முழுவதற்கும் சமம். நாலு ஆல்பத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்கிற பொறுமையெல்லாம் அவருக்குக் கிடையாது. “எந்த ஆல்பத்தத் திறந்தாலும் முருகன் அதே முருகன்தான். எனக்கு மொத ஆல்பம் போதும்” என்பார். ஆடிப் பதினெட்டு அன்று யாருடைய ஆல்பம் அவர் மேஜையில் முதலில் விழுகிறதோ அவனுக்கு ஆர்டர். அவ்வளவுதான் சட்டம்.

போன வருடம் முதலில் விழுந்தது சபரிநாதனுடைய ஆல்பம். வேறு அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்கும் அந்தச் சபரிநாதன் வேறு யாரும் இல்லை, பிரீத்தியின் உடன்பிறந்த தம்பி. தோல்வியைக்கூட ராஜபாண்டியன் சகித்திருப்பான். ஆனால் மச்சினன் தை மாதம் வீட்டுக்கு வந்தவன், அந்த நகைக்கடைக் காலண்டரிலேயே ஒன்றைக் கொண்டுவந்து, “அக்கா, இத நான் ஒனக்குன்னு எடுத்து வச்சேன்” என்று சமையலறைச் சுவரில் தானே ஆணியடித்து மாட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கைக்கு வராத ஆர்டரில் ஒரு தாளைக் கிழிப்பது ராஜபாண்டியனின் வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் விடுவதாக இல்லை. அதனால்தான், ஆடிப் பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னதாக, சிவகாசி ரோட்டில் இருக்கும் சிவபாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனான். போன நேரத்தில் ஒரு கணக்கு இருந்தது. சிவபாண்டி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். அன்றைக்கு முதல் வியாபாரம், அதாவது போணி, இன்னும் ஆகவில்லை. போணிக்கு வந்த ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அன்று முழுக்க வியாபாரம் படுத்துக்கொள்ளும் என்று விருதுநகரில் நினைக்காத கடைக்காரன் இல்லை. அந்த நேரத்தில் கேட்டால் விலை இறங்கும். மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த அப்பாவுக்குப் பிறந்து, மண்டிக்குள்ளேயே நடை பழகியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிவபாண்டி வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, திருகுளியின் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான்.

“டாப்பெட்டு சத்தம் மட்டும் இல்லண்ணே இது. உள்ள டைமிங் செயினும் தளந்து கெடக்கு. ஹெட்டத் தெறந்து ஒரு செக்கப் பண்ணிருவோம். டாப்பெட் செட் பண்ணி, செயின இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர மாத்தி, ஆயிலையும் மாத்திட்டா கவலையில்ல.”

“பண்ணலேன்னா?”

“செயின் நழுவுச்சுன்னா வால்வு போயி பிஸ்டன்ல முட்டும். வண்டி நடுரோட்டுல படுத்துரும். பெறகு அதுக்குப் பேரு செக்கப் இல்ல, என்ஜின் வேலை.”

“எப்ப நழுவும்?”

“அத அதுகிட்டத்தான் கேக்கணும். நாளைக்கும் நழுவலாம். தீவாளி வரைக்கும் ஓடுனாலும் ஓடும்.”

“எப்பன்னு தெரியாது. எம்புட்டுன்னாச்சும் தெரியுமா?”

“ஆயிரத்தி எண்ணூறு ஆகும்ணே.”

ராஜபாண்டியன் வண்டியின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். ஒன்றுமே சொல்லாமல் சாவியை எடுப்பதற்குப் பேரம் பேசும் உலகத்தில் ஏகப்பட்ட அர்த்தம் உண்டு.

“ஆயிரத்தி முந்நூறு குடுங்க,” என்றான் சிவபாண்டி.

“அறுநூறு.”

“என்னண்ணே, சாமான் காசுகூட வராதே.” புகைந்துகொண்டிருந்த பத்தியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். “சரி விடுங்க. எழுநூறு. வண்டிய விட்டுட்டுப் போங்க.”

ராஜபாண்டியனுக்கு உள்ளே ஒரு குதூகலம் கிளம்பியது. கிளம்பின வேகத்திலேயே சந்தேகமும் கிளம்பியது. இரண்டு மூச்சில் ஆயிரத்தி எண்ணூறு எழுநூறாக இறங்குமா? வத்தல் மண்டியில் கேட்டவுடன் பாதிக்கு இறங்குகிற ஆள் வந்தால், அப்பா பேச்சை நிறுத்திவிட்டு மூட்டைக்குள் கையை விடுவார். பத்துக்கு ஒன்பது மூட்டையில் வத்தல் ஈரமாக இருக்கும். இதுவும் ஈர மூட்டைதான். செயினாவது நழுவுவதாவது. தேவையில்லாத வேலைக்குத்தான் விலை இப்படி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

“இப்ப வேண்டாம் தம்பி, பாத்துக்கிடலாம்,” என்றான். ஆனாலும் வியாபாரி வீட்டுப் பிள்ளை இன்னொருத்தன் போணியைக் கெடுக்க மாட்டான். “ஒரு பிளக்கு மட்டும் மாத்தி விடு.”

பிளக்குக்கான காசை சிவபாண்டி கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டான். ராஜபாண்டியன் ஆயிரத்தி எண்ணூறை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில், டிக் டிக் டிக் என்று கிளம்பிப் போனான்.

நேராகப் போனது பிரீத்தியின் பட்டாசுக் கடைக்கு. விருதுநகர் எல்லையில் அவள் நடத்துகிற சில்லறைக் கடை அது. வாசலில் ஆள் உயரத்துக்கு, ‘80 சதவீதம் தள்ளுபடி’ என்று போர்டு நிற்கும். ராஜபாண்டியன் காலையில் நடந்ததைச் சொல்லி, ஈர மூட்டை கண்டுபிடித்த தன் சாமர்த்தியத்தையும் விவரித்தான். அவள் மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எப்பப் போனீக?”

“கடை தெறக்கையில.”

“போணிக்கா?”

“பெறகு? போணி நேரத்துல போனாத்தான எறங்குவான்.”

பிரீத்தி அடுக்குவதை நிறுத்தினாள். “எறங்கட்டும்னுதான் போணிக்குப் போனீக. எறங்குனான். எறங்குனதும் வேலை டூப்புன்னுட்டு வந்துட்டீக. அப்பிடித்தானே?”

ராஜபாண்டியன் ஒரு மத்தாப்புப் பெட்டியை எடுத்து அதன் விலையைப் படித்தான். 

“வெலை எறங்குனா சரக்கு டூப்புன்னா, வெளிய நம்ம போர்டப் பாருங்க. எண்பது பர்சென்ட் எறக்கி விக்கோம். நம்ம கடை லட்சுமி வெடி ஒண்ணுகூட வெடிக்கக் கூடாதே.”

“அது வேற, இது வேற.”

“ஒண்ணும் வேற இல்ல. நாளைக்கு மறுபடியும் போங்க. போணி ஆன பெறகு போங்க. அப்ப கேளுங்க. அப்பவும் எறங்குனான்னா நீங்க சொல்றது சரி, வேலை டூப்பு. எறங்கலேன்னா வண்டிய அங்கன விட்டுட்டு மரியாதையா நடந்து வாங்க.”

“எறங்கலேன்னா முழுசா ஆயிரத்தி எண்ணூறுல்ல குடுக்கணும்?”

“போன தீவாளியில இருந்து ஒரு மூக்குத்தி கேக்கேன். அதுக்கு நாலு கடையில பேரம் பேசியே வாங்காம மிச்சம் பண்ணிட்டீக. அதுல குடுங்க.”

மறுநாள் காலையில் ராஜபாண்டியன் சிவபாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, அவனுக்குப் போணி ஆக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து போணிக்கு முந்தி ஓடியவன், போணி முடியட்டும் என்று காத்திருப்பது இதுதான் முதல் தடவை. முதலில் ஒருத்தன் வந்தான். ராஜபாண்டியன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வந்தவன் சும்மா காற்று அடித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்து ஒரு பெரியவர் வந்து ஸ்பேனர் இரவல் வாங்கினார். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்து இரண்டாவது டீ சொன்னான். மூன்றாவது டீயில்தான் ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பேர் பொன்மணி என்று அவள் அடையாள அட்டை சொல்லிற்று. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கம்பெனி வேனைத் தவறவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பியவள், வழியில் பின்சக்கரத்தில் ஏதோ கிறீச் கிறீச் என்கிறதே என்று நிறுத்தியிருந்தாள்.

ராஜபாண்டியன் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரோட்டைத் தாண்டி வருவதற்குள் சிவபாண்டி பிரேக் கட்டையை மாற்றவே ஆரம்பித்துவிட்டான். அவள் காசை எண்ணி நீட்டினாள்.

“ஏம்மா, வெலையே கேக்கலையே நீ?” என்றான் ராஜபாண்டியன், தாங்க முடியாமல்.

“எங்க கம்பெனில புதுசா ஒரு சத்தம் கேட்டா நின்னு பேச மாட்டோம்ணே. மொத ஓடிருவோம். பேச்செல்லாம் கேட்டுக்கு வெளிய வந்துதான்.” ஸ்கூட்டரில் ஏறியவள், அவன் வண்டியைப் பார்த்தாள். “ஒங்க வண்டிதானா அது? அங்கன டீக்கடையில ஸ்டார்ட் பண்ணும்போதே கேட்டுச்சு. நல்லா ஓடிப் பழகிக்கங்க.”

அவள் போனதும் ராஜபாண்டியன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். போணி ஆகிவிட்டது. இனி நடப்பதுதான் நிஜமான பேரம்.

“நேத்து எழுநூறுன்னியே தம்பி, அதுலயே முடிச்சிரு.”

“நேத்து நேத்தோட போச்சுண்ணே. ஆயிரத்தி எண்ணூறு.”

“ஆயிரம்.”

“ஆயிரத்தி எண்ணூறு.”

ராஜபாண்டியன் சாவியை எடுத்துப் பையில் போட்டான். சிவபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைத் தொட்டான். ராஜபாண்டியன் நாலு எட்டு நடந்தும் பார்த்தான். பின்னாலிருந்து கூப்பிடுகிற சத்தம் வரவில்லை.  இறங்கிவிடாதே, இறங்கிவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, இறங்கு இறங்கு என்று வாயால் கேட்க வேண்டிய நிலைமை அவன் பரம்பரையில் எவனுக்கும் வந்திருக்காது. திரும்பி வந்தான். தனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் இறக்கினான். இன்னும் பத்து வண்டி கூட்டிவருகிறேன் என்றான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் தொள்ளாயிரத்துக்குப் பண்ணுகிறார்கள் என்றான்.

“அப்ப அங்கனயே பண்ணிக்கங்கண்ணே. அவன் எனக்கு மாமா மகன்தான். நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“ஒரு நூறாச்சும் கொறப்பியா மாட்டியா?”

“சாமானுக்கே ஆயிரத்துக்கு மேல போயிரும். ரெண்டு மணி நேர வேலை. நேத்து போணிக்கேன்னு கைக்காசப் போட்டுச் செய்யலாம்னு நெனைச்சேன். நீங்க பிளக்க வாங்கிட்டுப் போயிட்டீக. ஆயிரத்தி எண்ணூறுக்கு ஒத்த ரூவா கொறையாது.”

ராஜபாண்டியனின் முகம் மலர்ந்தது. காய்ந்த மூட்டை. சுத்தமான, கலகலவென்று காய்ந்த மூட்டை. சாவியைச் சிவபாண்டியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

“பண்ணு. முழுசா பண்ணு.”

சிவபாண்டி அவனையே பார்த்தான். “தோத்துப்போன ஆளு இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்லண்ணே. வீட்டுல எல்லாரும் சௌரியந்தானே?”

“நாளைக்குக் காலையில எனக்கு வண்டி வேணும்.”

“சூட்டோட டாப்பெட் பாக்க முடியாது. என்ஜின் நல்லா ஆறணும். சாயங்காலம் வாங்க.”

சாயங்காலம் போனபோது வண்டி கழுவித் துடைத்து நின்றது. சிவபாண்டி ஸ்டார்ட் பண்ணினான். ராஜபாண்டியன் காதைக் குனிந்து வைத்தான். தப்தப்பென்று ஒரு மெல்லிய மூச்சு. அவ்வளவுதான். டிக் இல்லை. அவனுக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. காசு கொடுத்தால் கையில் ஏதாவது வர வேண்டும். இங்கே இருந்த ஒரு சத்தமும் போய்விட்டது.

“பழைய சாமானக் குடு,” என்றான்.

“அது எதுக்குண்ணே? தேஞ்சு போனது.”

“குடு.”

தேய்ந்த டென்ஷனரைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் மனசு சமாதானம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ஒன்றும் இல்லை. அடுப்பும் பற்றவில்லை. பிரீத்தி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப வந்தீக? சத்தமே கேக்கலியே,” என்றாள். அப்புறம்தான் தோசைக்கல் ஏறியது.

ஆடிப் பதினெட்டு. சிவகாசியில் ராஜபாண்டியனின் அச்சகத்தில் ஐயர் வருவதற்கே தாமதமாகிவிட்டது. வந்தவர் ஒவ்வொரு சாமிக்கும் தனித்தனியாக மந்திரம் சொன்னார். காலண்டர் அச்சகத்தில் எத்தனை சாமி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏஜெண்டுகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். ராஜபாண்டியனின் போன் அடித்தது. சபரிநாதன்.

“மச்சான், எங்க பூசை முடிஞ்சுருச்சு. நான் ஆல்பத்தோட கெளம்பிட்டேன். ஒங்க அச்சகத்துல சக்கரைப் பொங்கல் நல்லா இருக்குமாமே. இருந்து சாப்ட்டு, ஆற அமர வாங்க.”

“ஏலே மாப்ளே, ரோட்டப் பாத்துப் போ.”

“நான் எதுக்கு ரோட்டப் பாக்கணும்? காதத் தீட்டி வச்சாப் போதும். ஒங்க தையல் மிஷினு ரெண்டு ஊருக்கு அந்தால வரும்போதே தெரிஞ்சிருமே.”

போன் நின்றது. சூடம் அணைந்தது. ஆல்பம் கைக்கு வந்தது. புது மையின் வாசனை அடிக்க அதைப் பைக்குள் திணித்து, பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு ராஜபாண்டியன் கிளம்பினான். பொங்கல் வாளி அவனைத் தாண்டிப் போனதைப் பார்க்கக்கூட இல்லை.

சாத்தூர் ரோட்டில் வண்டி பறந்தது. பறந்தது என்றால், அந்த வண்டியின் வயதுக்குப் பறந்தது. இருபக்கமும் பட்டாசுக் கடைப் போர்டுகள், எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று தள்ளுபடியில் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பின்னால் ஓடின. முன்பெல்லாம் ஐம்பதைத் தாண்டினால் என்ஜின் கறகறவென்று கத்தும், கை தானாக ஆக்ஸிலேட்டர் முறுக்கை விடும். இப்போது அறுபது. சத்தம் இல்லை. அறுபத்தைந்து. சத்தம் இல்லை. செயின் உள்ளே இருக்கிறதா, சிவபாண்டி கழற்றி வைத்துக்கொண்டானா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தான். எழுபதைத் தொட்டபோது அவனுக்குப் பாட வேண்டும்போல இருந்தது. வேன்களை, ஆட்டோக்களை, ஆல்பப் பையோடு போன இன்னொரு ஏஜெண்டைத் தாண்டினான். சபரிநாதனை மட்டும் காணவில்லை. அவன் வண்டி இதைவிடப் புதுசு. இந்நேரம் கோவில்பட்டியை நெருங்கியிருப்பான். சமையலறைச் சுவரும் அந்த ஆணியும் கண்முன்னால் வந்தன. முறுக்கை இன்னும் கொஞ்சம் திருகினான்.

சாத்தூருக்குள் நுழைந்தபோது அவன் கண்ணையே அவனால் நம்ப முடியவில்லை. காராச்சேவுக் கடை வாசலில் சபரிநாதனின் சிவப்பு வண்டி நின்றது. அதன் மேலே ஆல்பப் பை. பக்கத்துப் பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, டீ கிளாசும் கையுமாக சபரிநாதன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். மச்சினன் நிதானமாகக் காராச்சேவைக் கடித்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான். எதையோ காது கொடுத்துக் கேட்கிறவனைப் போல.

எதைக் கேட்கிறான் என்று ராஜபாண்டியனுக்குப் புரிந்துவிட்டது.

மூச்சைப் பிடித்தான். ஹாரனில் இருந்து விரலை எடுத்தான். கியரை மெல்ல ஏற்றி, ஒரு பஸ்ஸின் நிழலில் ஒதுங்கி, தப்தப்தப் என்று மச்சினனின் முதுகுக்குப் பின்னால் நாலு முழ தூரத்தில் நழுவிப் போனான். சபரிநாதன் திரும்பவில்லை. இன்னொரு காராச்சேவை எடுத்துக் கடித்தான். அந்தக் கடி சத்தம்கூட ராஜபாண்டியனுக்குக் கேட்டது. அவ்வளவு அமைதியாக ஓடியது வண்டி.

நாலுவழிச் சாலையில் ஏறியதும்தான் பிடித்த மூச்சை விட்டான். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரிக்கிறவனை லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்தி எண்ணூறுக்கு ஒன்றும் கையில் வரவில்லை என்று நேற்று வருத்தப்பட்டானே, இதோ வந்துவிட்டது. ஊர் முழுக்கத் தமுக்கடித்துச் சொல்லும் சத்தம் போய், பூனை நடை வந்திருக்கிறது.

பலவேசம் அண்ணாச்சி அப்போதுதான் கடையைத் திறந்து, சாமி படங்களுக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆடிப் பெருக்குக்குக் குளித்துக் கும்பிட்டுவிட்டுப் பெண்கள் நகைக்கடைக்கு வர இன்னும் நேரம் இருந்தது. கடை காலி. ராஜபாண்டியன் ஓடிவந்து ஆல்பத்தை அவர் மேஜைமேல் வைத்தான்.

“மொத ஆல்பம், அண்ணாச்சி.”

அவர் வாசலைப் பார்த்தார். “ஒங்க வண்டிச் சத்தம் கேக்கலையே. பஸ்ல வந்தீகளா?”

“வண்டியிலதான் வந்தேன். செக்கப் பண்ணிட்டேன்.”

“நல்ல காரியம். அங்கன நீங்க வரும்போதே இங்கன எனக்கு நெஞ்சுவலி வந்த மாதிரி இருக்கும்.” ஆல்பத்தைத் திறந்து, முதல் முருகனைப் பார்த்துக் கும்பிட்டு, மூடினார். “சரி. போன வருசக் கணக்குதான். மூணு கடைக்கும் போட்டுக்கங்க.”

“அட்வான்ஸ் குடுத்துட்டா எழுதிக்கிடுறேன்.”

“குடுக்கணும். அட்வான்ஸ் குடுக்காம ஆர்டர் எழுதுனா அது ஆர்டர் இல்ல, வெறும் பேச்சு.” அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். “ஆனா பாருங்க, இன்னும் போணி ஆகல. போணி ஆகாம கல்லாவுல இருந்து நான் காசு எடுக்கிறதில்ல. செத்த உக்காருங்க. யாராச்சும் வரட்டும்.”

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“அவுகவுக சாமி கும்பிட்டுட்டு வரணும்ல. காபி சொல்லவா?”

ராஜபாண்டியனின் காதுக்குள் சாத்தூர்ப் பெஞ்சில் சேவு நொறுங்கும் சத்தம் கேட்டது. பொட்டலம் கட்டி முடித்திருப்பார்கள். காசு கொடுத்திருப்பான். கிளம்பியிருப்பான். அட்வான்ஸ் கை மாறுவதற்குள் அவன் ஆல்பமும் இதே மேஜையில் விழுந்தால், சொன்னது வெறும் பேச்சுதான் என்று அண்ணாச்சி இரண்டு பேரையும் விலையில் மோதவிட்டு வேடிக்கை பார்க்கத் தயங்குகிறவர் இல்லை.

“நான் போணி பண்றேன்,” என்றான். “ஒரு மூக்குத்தி காட்டுங்க.”

அண்ணாச்சியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. வெல்வெட் தட்டு வந்தது. ஒற்றைக் கல் மூக்குத்தி ஒன்றை ராஜபாண்டியன் தொட்டான். அண்ணாச்சி எடை போட்டார், செய்கூலி சேர்த்தார், சேதாரம் சேர்த்தார், விலை சொன்னார். மண்டியில் பிறந்த வாய் தானாகத் திறந்தது. போணி நேரம். வாங்குகிறவன் கை ஓங்கும் நேரம். செய்கூலியைப் பாதியாக்கலாம். சேதாரத்தை அடியோடு அறுக்கலாம்.

வெளியே ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அடித்த விதம் ராஜபாண்டியனுக்குத் தெரிந்த விதம்.

அண்ணாச்சிக்கும் தெரிந்திருந்தது. “சும்மா பேசுங்க,” என்றார். “போணிக்குப் பேரம் பேசலாம், தப்பே இல்ல. மெதுவாப் பேசுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

ராஜபாண்டியன் வாயை மூடிக்கொண்டான். சொன்ன விலைக்குச் சம்மதித்து, போனை எடுத்துப் பணம் அனுப்பினான்.

“போன்ல வந்தது பேங்குக்குப் போயிருச்சே. கல்லாவுக்கு ஒண்ணு?”

சட்டைப் பையில் கையை விட்டு, வந்த நோட்டை நீட்டினான். அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அதே கையால் அட்வான்ஸை எடுத்து வைத்தார். ராஜபாண்டியன் வாங்கிப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிய நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது.

சபரிநாதன் ஒரு கையில் ஆல்பம், ஒரு கையில் காராச்சேவுப் பொட்டலத்தோடு நின்றான். முதலில் அண்ணாச்சியைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்தான். அப்புறம் மச்சானை.

“நீங்க எப்பிடி இங்கன வந்தீக?”

“வண்டியிலதான் மாப்ளே.”

“ஒங்க சத்தம் கேக்கலன்னுதான நான் சாத்தூர்ல ரெண்டாவது டீ குடிச்சேன்.”

“குடிச்சத நானும் பாத்தேன். ஒனக்குக் கடக்கடக்குன்னு நல்லா சவைக்க வருது.”

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது. சபரிநாதன் வெளியே ஓடினான். பின்னாலேயே ராஜபாண்டியனும் போனான். மச்சினன் பழைய வண்டியை ஸ்டார்ட் பண்ணி, காதைத் தாழ்த்தி, முறுக்கிவிட்டுக் கேட்டான். தப்தப்தப். ஒன்றும் இல்லை. அவன் முகத்தில் தோல்வி கரைந்து, அந்த இடத்தில் வியாபாரியின் ஆர்வம் வந்து உட்கார்ந்தது. காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து மச்சானுக்கு நீட்டினான்.

“என் வண்டியிலயும் பத்து நாளா லேசா டிக் டிக்குங்குது மச்சான். யாருகிட்டப் பண்ணுனீக? எம்புட்டு கேட்டான்?”

“சிவபாண்டிகிட்ட. ஆயிரத்தி எண்ணூறு.”

“அம்புட்டுமா குடுத்தீக? நீங்களா?”

“போணி நேரத்துல போயிக் கேளு. எழுநூறுக்கு எறங்குவான்.”

சபரிநாதன் பொட்டலத்தைப் பிடித்தபடி யோசித்தான். அவனும் வியாபாரி வீட்டில் பிறந்தவன்தான். நெற்றி சுருங்கியது, கண் இடுங்கியது.

“ஆயிரத்தி எண்ணூறு எழுநூறுக்கு எறங்குதுன்னா, அந்த வேலையே தேவையில்லாத வேலையா இருக்குமே மச்சான்?”

ராஜபாண்டியன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அடுத்த வருடமும் ஒரு ஆடிப் பதினெட்டு வரும் என்பது ஞாபகத்துக்கு வந்தது. பொட்டலத்திலிருந்து ஒரு கை காராச்சேவை அள்ளி, திறந்த வாயில் போட்டுக்கொண்டான்.